கம்பி பிரேக்கும் டிஸ்க் பிரேக்கும்

*பால் கேன் சுமந்த கறுப்பு சைக்கிளும், சிறுமலை ஏறும் கியர் சைக்கிளும் திண்டுக்கல் வீதிகளில் இன்றும் ஒன்றாக ஓடுகின்றன. இரண்டின் தொழில்நுட்பமும் போற்றத்தக்கது. ஆனால், இரண்டையும் பழுது பார்க்கத் தெரிந்த கைகள் குறைந்துவருகின்றன.*

காலை ஏழு மணி. திண்டுக்கல் பேருந்து நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு சைக்கிள் கடை. ஷட்டர் பாதிதான் ஏறியிருக்கிறது. அதற்குள் வாசலில் இரண்டு வண்டிகள் தலைகீழாக நிற்கின்றன. ஒன்று கறுப்பு நிற 28 இஞ்ச் வண்டி. பெயின்ட் உதிர்ந்து துரு எட்டிப்பார்க்கிறது. கேரியரின் இரு பக்கமும் பால் கேன் மாட்டும் கொக்கிகள். பக்கத்தில் ஒரு பிளஸ் 1 மாணவனின் 21 கியர் வண்டி, முன்னும் பின்னும் டிஸ்க் பிரேக்கோடு.

கடைக்காரர் முதலில் கறுப்பு வண்டியைத் தொடுகிறார். பெடல் ஆடுகிறதாம். கிராங்கைப் பிடித்திருக்கும் காட்டர் பின்னைத் தட்டிக் கழற்றி, புதுப் பின் ஒன்றை எடுத்து, அதன் சரிவான பக்கத்தை அரத்தால் ராவுகிறார். நாலு இழுப்பு. செருகிப் பார்க்கிறார், எடுக்கிறார். மறுபடி ரெண்டு இழுப்பு. அந்தச் சரிவு, அச்சில் வெட்டியிருக்கும் பள்ளத்தில் முழுசாகப் படிந்து உட்கார வேண்டும். கொஞ்சம் அதிகமாக ராவிவிட்டால், இடது பெடலும் வலது பெடலும் ஒரே கோட்டில் நிற்காது. ஒவ்வொரு மிதிக்கும் 'டக்... டக்...' என்று சத்தம் வரும். அளவுகோல் எதுவும் இல்லாமல் விரல் நுனியாலேயே அளந்து, சுத்தியலால் ஒரு தட்டு, நட்டுக்கு ஒரு முறுக்கு. வேலை முடிந்தது.

அடுத்தது கியர் வண்டி. ஐந்தாவது கியருக்குப் போட்டால் செயின் நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே தத்தளிக்கிறது. பின் கியரைத் தாங்கும் காது போன்ற பாகம் லேசாக உள்பக்கம் வளைந்திருக்கிறது. அதை நிமிர்த்துகிறார். கேபிள் நுழையும் இடத்தில் உள்ள சின்னத் திருகை அரைச் சுற்று சுற்றுகிறார். பெடலைக் கையால் சுழற்ற, செயின் ஒவ்வொரு பல் சக்கரமாக ஏறி இறங்குகிறது.

"தம்பி, வண்டியப் படுக்கப் போடுறப்ப கியர் பக்கம் கீழ இருக்கக் கூடாதுப்பா."

"சரிங்கண்ணே."

ஒரே கை, ஒரே ஸ்பேனர் பெட்டி. நடுவில் நூறு வருட இடைவெளி உள்ள இரண்டு தொழில்நுட்பங்கள். கொரோனா ஊரடங்குக்குப் பிறகு சைக்கிள் மறுபடி வீடுகளுக்குள் வந்திருக்கிறது. 2025 செப்டம்பரில் சைக்கிளுக்கும் உதிரிபாகங்களுக்கும் ஜி.எஸ்.டி. 12 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதமாகக் குறைந்தது. 'சாதா வண்டி வாங்கலாமா, கியர் வண்டி வாங்கலாமா?' என்ற கேள்வி திண்டுக்கல்லில் பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் எல்லாம் கேட்கிறது. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல, இரண்டு வண்டிகளையும் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும்.

சமவெளிக்கென்றே பிறந்த வண்டி

1885-ல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி உருவாக்கிய 'ரோவர்', இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவு, பின் சக்கரத்துக்குச் செயின் என்ற இன்றைய வடிவத்தை நிலைநாட்டியது. 1888-ல் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கினார். அதன் பிறகு ராலே, ஹம்பர், பி.எஸ்.ஏ. எனக் கப்பலேறி வந்த வண்டிகள் நம்மூர் மிராசுதார்கள், வாத்தியார்கள் வீட்டுத் திண்ணைகளில் நின்றன. 1949-ல் முருகப்பா குழுமம் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தோடு கைகோத்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்க, அம்பத்தூர் தொழிற்சாலையிலிருந்து ஹெர்குலிஸும் பிலிப்ஸும் பி.எஸ்.ஏ.வும் தமிழ்நாட்டுக்கே உரிய வண்டிகளாக வெளிவந்தன. மாப்பிள்ளைக்கு வாட்சும் சைக்கிளும் சீர் கொடுத்த காலம் அது.

அந்தக் கறுப்பு வண்டியை 'ஓல்டு மாடல்' என்று ஒதுக்குகிறவர்கள், அதன் ஃபிரேமை ஒரு முறை பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும். ஹேண்டில் பாருக்குக் கீழே உள்ள ஃபோர்க் நன்றாகச் சாய்ந்து முன்னால் நீண்டிருக்கும். இரண்டு சக்கரத்துக்கும் நடுவே இடைவெளி அதிகம். பள்ளத்தில் இறங்கும்போது அந்தச் சாய்வும் நீளமும் அதிர்ச்சியை வாங்கிக்கொள்கின்றன. குழாய்கள் சேரும் முனைகளில் தனியாக ஓர் உறை இருக்கும். அதற்குள் குழாயைச் செருகி, பித்தளையை உருக்கிப் பற்றவைத்திருப்பார்கள். எஃகுக் குழாயை அளவுக்கு மேல் சூடாக்காமல் இணைக்கும் நுட்பம் இது. முன் சக்கரத்தில் 32 போக், பின் சக்கரத்தில் 40 போக். ஓட்டுபவரின் எடையும் கேரியரின் மூட்டையும் பின்னால்தான் இறங்குகின்றன என்பதால் அந்த எட்டு போக் கூடுதல். சும்மா போட்ட எண்ணிக்கை இல்லை.

தோல் சீட்டுக்குக் கீழே சுருள் ஸ்பிரிங். 1866-ல் தொடங்கப்பட்ட ப்ரூக்ஸ் கம்பெனியின் சீட் இன்றைக்கும் உலகம் முழுக்க விலைபோகிறது. ஓட்ட ஓட்ட உட்காருபவரின் உடலுக்கு ஏற்ப அந்தத் தோல் படிந்துகொடுக்கும். தோல் பதனிடுவதைத் தலைமுறைத் தொழிலாகக் கொண்ட திண்டுக்கல்லுக்கு இதன் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டாம்.

இந்த வண்டிக்குத் திண்டுக்கல் சமவெளி வெகு பொருத்தம். சின்னாளப்பட்டிக்கு நூல் கட்டு, நிலக்கோட்டையில் பூக்கூடை, ஒட்டன்சத்திரத்துக்குக் காய்கறி மூட்டை, நாகல்நகரில் தறி வேலைக்கும் பூட்டுப் பட்டறைக்கும் போகிறவரின் தூக்குவாளி என எல்லாவற்றையும் இந்த 20 கிலோவுக்கு மேற்பட்ட இரும்பு சுமந்திருக்கிறது. நூறு கிலோ மூட்டையை ஏற்றி, முடியாத இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம். இன்றைய எடை குறைந்த வண்டி எதிலும் இப்படி நம்பி ஏற்ற முடியாது.

பெரிய சக்கரத்தைப் பற்றி ஒரு சேதி. 'இருபத்தொன்பது இஞ்ச்' மலை சைக்கிள்கள் 2000-க்குப் பிறகு புதுமையாகக் கொண்டாடப்பட்டன. பெரிய சக்கரம் குண்டுகுழியில் எளிதாக உருளும் என்றார்கள். உண்மைதான். அந்தச் சக்கரத்தில் டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் 622 மில்லிமீட்டர். நம் பால்காரரின் 28 x 1½ வண்டியின் ரிம் 635 மில்லிமீட்டர். பெயரில் ஓர் இஞ்ச் குறைவு, ரிம்மில் 13 மில்லிமீட்டர் அதிகம். மண் பாதைக்குப் பெரிய சக்கரமே நல்லது என்பது வேடசந்தூர்ப் பக்கத்து விவசாயிக்கு அவருடைய தாத்தா காலத்திலேயே தெரியும்.

மலை வந்தால் கணக்கு மாறும்

இவ்வளவு நல்ல வண்டிக்கு ஒரு பெரிய குறை. ஒரே கியர். திண்டுக்கல்லின் அமைப்பே அந்தக் குறையை அம்பலப்படுத்திவிடும். ஊரைச் சுற்றி வயலும் சோளக்காடும் பரந்து கிடக்கின்றன. கிழக்கே நத்தம் சாலையில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பினால் சிறுமலை. 18 கொண்டை ஊசி வளைவுகள். மேற்கே வத்தலக்குண்டு தாண்டினால் கொடைக்கானல் மலைப்பாதை. சமவெளியில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிற கறுப்பு வண்டி, சிறுமலையின் முதல் வளைவுக்குள்ளேயே மூச்சு வாங்க வைத்துவிடும்.

| பெட்டிச் செய்தி: ஒரு மிதிக்கு எத்தனை மீட்டர்? |
|---|
| கறுப்பு வண்டியில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்று வைத்துக்கொள்வோம். பெடலை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் வண்டி சுமார் 5.5 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 20 கி.மீ. |
| 21 கியர் வண்டியில் முன்னால் 42, 34, 24 பல். பின்னால் 14 முதல் 28 பல் வரை என்பது வழக்கமான அமைப்பு. 26 இஞ்ச் சக்கரத்தில் உச்ச கியரில் ஒரு சுற்றுக்கு 6.2 மீட்டர். கடைசிக் கியரில் 1.8 மீட்டர் மட்டுமே. |
| நூறு மீட்டருக்கு ஆறு மீட்டர் உயரும் ஏற்றம். ஓட்டுபவரின் எடை 70 கிலோ; வண்டியின் எடையும் கூடச் சேரும். கறுப்பு வண்டியில் நிமிடத்துக்கு 40 சுற்று மிதித்து ஏற, உயரம் ஏறுவதற்கு மட்டும் ஏறக்குறைய 200 வாட் திறன் தேவை. கியர் வண்டியில் கடைசிக் கியரில் 60 சுற்று மிதித்தால் 90 வாட் போதும். |

பயிற்சி இல்லாத ஒருவரால் 200 வாட்டை வெகுநேரம் தாக்குப்பிடிக்க முடியாது. 90 வாட்டை மணிக்கணக்கில் கொடுக்க முடியும். வேகம் குறையும், ஆனால் போய்ச் சேரலாம். 'கியர் போட்டால் சைக்கிள் தானாக ஏறும்' என்று நினைப்பவர்கள் உண்டு. மலை ஏறத் தேவையான மொத்த உழைப்பில் கியர் சல்லிக்காசு குறைப்பதில்லை. அந்த உழைப்பைச் சின்னச் சின்னத் தவணையாகப் பிரித்துக் கட்ட வழி செய்கிறது. 45 வயதுக்காரரும் பிளஸ் 1 மாணவியும் சிறுமலை ஏறும் வாய்ப்பு இதனால்தான் கிடைத்தது. இதை ஆடம்பரம் என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

கியர் யோசனையும் ஒன்றும் நேற்று வந்ததல்ல. பின் சக்கரத்தின் ஹப்புக்குள்ளேயே மூன்று கியரை அடக்கிய 'ஸ்டர்மி-ஆர்ச்சர்' 1900-களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. மழை, மண், புழுதி எதுவும் உள்ளே போகாது. செயினை ஒரு பல் சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் வெளிப்புற கியரை ('டெரெய்லர்') 1937-ல்தான் டூர் டி பிரான்ஸ் போட்டியில் அனுமதித்தார்கள். 1984-ல் ஜப்பானின் ஷிமானோ, 'கிளிக்' என்ற சத்தத்தோடு சரியான இடத்தில் நிற்கும் கியரைக் கொண்டுவந்தது. அதுவரை பெரும்பாலானவர்கள் காதாலும் கைப்பழக்கத்தாலும் கியர் மாற்றிக்கொண்டிருந்தார்கள். இன்றைக்குப் பேட்டரியில் இயங்கும் மின்னணு கியர்கள் வந்துவிட்டன. 21 கியர் என்ற விளம்பரத்தில் மட்டும் மயங்க வேண்டாம். அவற்றில் பல, ஒன்றுக்கொன்று ஏறக்குறைய ஒரே பலன் தருபவை. நம் ஊருக்கு முன்னால் ஒரு பல் சக்கரம், பின்னால் ஏழெட்டு இருந்தாலே தாராளம். பழுதும் குறையும்.

மழையில் நிற்குமா வண்டி?

கம்பி பிரேக்கின் அழகே அழகு. ஹேண்டில் பாருக்குக் கீழே உள்ள பிடியை இழுத்தால், கம்பிகள் வழியாக விசை இறங்கி, குதிரை லாடம் போன்ற வளையத்தை மேலே தூக்கும். அதில் உள்ள ரப்பர் கட்டைகள் ரிம்மின் உள்பக்கத்தை அழுத்தும். அறுந்துபோகக் கேபிள் கிடையாது. முப்பது வருடம் திண்ணையில் கிடந்த வண்டியிலும், இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் பிரேக் மறுபடி அசையும்.

ஆனால், ஐப்பசி மழையில் அந்த பிரேக்கை நம்பக் கூடாது. முலாம் பூசிய எஃகு ரிம் நனைந்துவிட்டால் ரப்பர் கட்டையின் பிடிமானம் பெருமளவு போய்விடும். பழைய ஆட்கள் மழையில் தூரத்திலிருந்தே பிரேக்கைத் தொட்டுத் தொட்டு வருவார்கள். கடைசியில் காலைத் தரையில் தேய்ப்பார்கள். அன்றைய சாலையில் எதிரே வந்தது மாட்டு வண்டி. இன்றைக்கு நான்கு வழிச்சாலையில் லாரி வருகிறது. இந்த ஒரு விஷயத்தில் டிஸ்க் பிரேக்கை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். சக்கரத்தின் நடுவில் தனித் தகட்டைப் பிடிப்பதால் ரிம் நனைந்தாலும் சேறு பட்டாலும் வண்டி நிற்கும். ரிம் கோட்டமாக இருந்தாலும் பிரேக் உரசாது. சர்வதேச சாலைப் பந்தயங்களில் பல வருட இழுபறிக்குப் பிறகு 2018-ல் டிஸ்க் பிரேக்குக்கு முழு அனுமதி கிடைத்தது.

பழைய வண்டியைத் தினசரி ஓட்டுகிறவர்களுக்கும் வழி உண்டு. புதுக் கட்டை போட்டு, ரிம்மின் உள்பக்கத்துத் துருவைத் தேய்த்து எடுத்து, இரண்டு பிரேக்கும் சமமாகப் பிடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் வெயில் காலம் முழுக்கக் கவலையில்லை. மழைக்கு மட்டும் வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

சைக்கிள் போன இடமும் வந்த இடமும்

1980-ல் டி.வி.எஸ். 50 வந்தது. இரண்டு பேர் உட்காரலாம், முன்னால் மூட்டை வைக்கலாம். சைக்கிளில் போன பால்காரரும் கீரைக்காரரும் மீன்காரரும் ஒவ்வொருவராக அதற்கு மாறினார்கள். அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. நூறு கிலோ மூட்டையை மிதித்தவருக்குத்தான் அந்த வலி தெரியும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதும் இந்தியாவில் 44.8 சதவிகித வீடுகளில் சைக்கிள் இருந்தது. மோட்டார் இருசக்கர வாகனம் 21 சதவிகித வீடுகளில். எனினும், வண்டி இருக்கும் வீடெல்லாம் ஓட்டும் வீடில்லை. வாடகை சைக்கிள் கடைகள் மூடப்பட்டன. டைனமோவும் நகராட்சி சைக்கிள் வில்லையும் நினைவில் மட்டும் மிஞ்சின. ஊர் மைதானத்தில் ராப்பகலாக இறங்காமல் சைக்கிள் ஓட்டி வித்தை காட்டியவர்களும் காணாமல் போனார்கள். 2020 ஜூன் 3, உலக சைக்கிள் தினம். அன்றைக்குத்தான் அட்லஸ் நிறுவனத்தின் சாகிபாபாத் தொழிற்சாலை உற்பத்தியை நிறுத்தியது.

இன்னொரு பக்கம், சைக்கிள் யார் கைக்குப் போனது என்பதைப் பார்க்க வேண்டும். புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில், அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து பெண்கள் சைக்கிள் கற்றார்கள். அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதை ஓர் இயக்கமாகவே நடத்தினார். லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கற்றதை பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதி உலகறியச் செய்தார். அங்கே சுவையான ஒரு விஷயம் உண்டு. அந்தப் பெண்களில் பலர், பாருள்ள ஆண்கள் வண்டியையே விரும்பினார்கள். பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாம், குடத்தை மாட்டலாம். சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாத வயதில், பாருக்குக் கீழே காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டுக் கற்ற தலைமுறைக்கு அந்த ஃபிரேமின் பெருமை நன்றாகவே தெரியும்.

2001-02-ல் தமிழக அரசு ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தது. பிறகு அது அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவ மாணவியர் அனைவருக்குமாக விரிந்தது. 2006-ல் பிகார் மாணவிகளுக்கு இதே போன்ற திட்டத்தைக் கொண்டுவந்தபோது, பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் அதை ஆய்வு செய்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் எண்ணிக்கை 32 சதவிகிதம் உயர்ந்திருந்தது. பள்ளி தூரமாக இருந்த கிராமங்களில்தான் பலன் அதிகம். அய்யலூர், வடமதுரை, நத்தம் பக்கத்துக் குக்கிராமங்களிலிருந்து மேல்நிலைப் பள்ளிக்கு வரும் பெண் பிள்ளைகளுக்கு இந்த ஆய்வு புதுச் செய்தி இல்லை.

பழுதானால் யாரிடம் போவது?

இந்தக் கட்டுரையில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் இடம் இதுதான். பழைய வண்டியின் பெரிய சாதனை, அதன் பாகங்கள் எங்கும் ஒரே அளவாக இருந்தது. 28 x 1½ டயர், டியூப், போக், பால்ஸ், கோன், காட்டர் பின் எதைக் கேட்டாலும் எரியோட்டிலும் கிடைக்கும், பழனியிலும் கிடைக்கும். ஹெர்குலிஸ் வண்டியில் அட்லஸ் பெடல் பொருந்தும். ஹப்பைப் பிரித்து, பழைய கிரீஸைத் துடைத்து, பால்ஸை எண்ணிப் போட்டு, கோனை ஆட்டம் இல்லாமலும் இறுக்கம் இல்லாமலும் திருகினால் இன்னும் சில வருடம் ஓடும். ஃபிரேம் விரிசல் விட்டால் வெல்டிங் பட்டறையில் வைத்துவிடலாம்.

புது வண்டியில் இந்தச் சுதந்திரம் கணிசமாகப் போய்விட்டது. அலுமினிய ஃபிரேமைப் பற்றவைத்த பின் தொழிற்சாலையில் பக்குவமாகச் சூடேற்றித்தான் அதற்கு வலு சேர்க்கிறார்கள். தெருமுனைப் பட்டறையில் மறுபடி பற்றவைத்தால் அந்த இடத்தில் வலு திரும்பாது. கார்பன் ஃபிரேம் கீழே விழுந்தால், உள்ளே ஏற்பட்ட விரிசல் வெளியே தெரியாமலே போகலாம். டிஸ்க் பிரேக் கட்டையில் எத்தனையோ வடிவங்கள். ஒன்றுக்கு இன்னொன்று ஆகாது. எண்ணெயில் இயங்கும் பிரேக்கிலும் இரண்டு ஜாதி உண்டு. ஒன்றுக்கு மினரல் ஆயில், மற்றொன்றுக்கு டாட் திரவம். மாற்றி ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் கெட்டுப்போய் பிரேக்கே வேலை செய்யாது. பின்னால் ஏழு பல் சக்கரம் உள்ள வண்டிக்கான செயின், பதினொன்று உள்ள வண்டிக்கு உதவாது.

விளைவு என்ன? ஆறேழாயிரம் ரூபாய்க்கு ஆசையாக வாங்கிய கியர் வண்டி, ஒரு வளைந்த டெரெய்லரால் மாடிப்படிக்குக் கீழே முடங்கிவிடுகிறது. கடையில் பாகம் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் பொருத்தத் தெரிந்தவர் இல்லை. இலவச சைக்கிளுக்கும் இதே கதிதான். வண்டி பள்ளிக்கு வருகிறது, ஆனால் அதை இறுக்கி, கோட்டம் எடுத்து, ஓட்டும் பதத்துக்குக் கொண்டுவர ஒரு கடைக்காரர் வேண்டும். அந்தக் கடைக்காரருக்கு வயதாகிவிட்டது. பிள்ளை திருப்பூரிலோ கோயம்புத்தூரிலோ வேறு வேலையில் இருக்கிறார். பஞ்சர் ஒட்டிக் கிடைக்கும் காசில் குடும்பம் நடக்காது என்பது அப்பாவுக்கும் தெரியும், பிள்ளைக்கும் தெரியும்.

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அரமும் சுத்தியலும் கொண்டு இரும்பிலும் பித்தளையிலும் மயிரிழை நுட்பம் காட்டிய கைகளுக்குக் கிடைத்த மரியாதை அது. காட்டர் பின் ராவுகிற கையும் அதே மரபுதான். பூட்டுத் தொழிலில், கைவினைஞர்கள் குறைந்துபோன பிறகுதான் நாம் விழித்தோம். சைக்கிள் கைகளுக்கும் அதே தாமதம் நேரக் கூடாது.

| பெட்டிச் செய்தி: திண்ணையில் பழைய சைக்கிள் இருக்கிறதா? |
|---|
| புது பெயின்ட் அடிக்க அவசரப்பட வேண்டாம். பழைய எழுத்தும் தங்கக் கோடும்தான் அதன் மதிப்பு. துணியில் லேசாக எண்ணெய் தொட்டுத் துடைத்தாலே பாதி அழுக்கு போய்விடும். |
| முதலில் டயர், டியூப், பிரேக் கட்டை மூன்றையும் மாற்றுங்கள். டயரின் ஓரம் வெடித்திருந்தால் அதில் ஓட்டவே கூடாது. |
| ஹப், ஃபோர்க், பெடல் அச்சு மூன்றையும் பிரித்து ஓவராயில் செய்யச் சொல்லுங்கள். காட்டர் பின்னைக் கழற்றும்போது நேராக அடிக்க வேண்டும். சாய்த்து அடித்தால் பின் வளைந்து உள்ளேயே சிக்கிக்கொள்ளும். |
| தோல் சீட்டை மழையில் நனையவிடாதீர்கள். தொய்ந்திருந்தால் மூக்குப் பகுதியில் உள்ள நட்டைக் கொஞ்சமாக முறுக்கினால் போதும். |
| இரவில் ஓட்டுவதென்றால் பழைய டைனமோவோடு, முன்னும் பின்னும் எல்.இ.டி. விளக்கும் பிரதிபலிப்பானும் கட்டாயம். |

புதுசிலும் பழசின் பாடம்

உலகம் முழுக்க நெடுந்தூரம் ஓட்டுகிறவர்கள் ஒரு விஷயத்தில் தெளிவாக இருக்கிறார்கள். 'ப்ரெவே' என்ற நெடுந்தூரப் பயணத்தில் 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். 1,200 கிலோமீட்டர் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் பயணத்துக்கு 90 மணி நேரம். இந்தியாவிலிருந்தும் ஏராளமானோர் அதற்குப் போகிறார்கள். அங்கே இன்றும் எஃகு ஃபிரேமையும் தோல் சீட்டையும் விரும்புபவர்கள் உண்டு. கூடவே டிஸ்க் பிரேக், எல்.இ.டி. விளக்கு, எளிய கியர். வழியில் எதுவும் உடையக் கூடாது, உடைந்தால் கையால் சரிசெய்ய முடிய வேண்டும். பழசின் உறுதியும் புதுசின் உதவியும் ஒரே வண்டியில் சேரும் என்பதற்கு அவர்கள் சாட்சி.

மின்சார சைக்கிளையும் இந்தக் கண்ணோட்டத்தில் பார்க்கலாம். மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் 25 கிலோமீட்டருக்குள் இருந்தால் பதிவும் ஓட்டுநர் உரிமமும் தேவையில்லை. மூட்டு வலியால் சைக்கிளைக் கைவிட்ட அறுபது வயதுக்காரருக்கு இது நல்ல துணை. வாங்கும்போது ஒன்றை மட்டும் கேளுங்கள். பேட்டரி தீர்ந்த பிறகு சாதாரண சைக்கிளாக மிதித்து வீடு சேர முடியுமா? முடியாது என்றால் வேண்டாம்.

பள்ளிப் பிள்ளைக்கு எந்த வண்டி என்ற கேள்விக்கு வருவோம். சமவெளியில் ஐந்தாறு கிலோமீட்டருக்குள் பள்ளி என்றால், நல்ல எஃகு ஃபிரேமுள்ள கியர் இல்லாத வண்டியே போதும். ஏற்ற இறக்கமான சாலை, தூரம் அதிகம் என்றால் கியர் வண்டி. அப்போதும் முன்னால் ஒரே பல் சக்கரம், கேபிளில் இயங்கும் டிஸ்க் பிரேக், எந்தக் கடையிலும் கிடைக்கும் டயர் அளவு ஆகிய மூன்றையும் பார்த்து வாங்குங்கள். அகன்ற டயர் போட்ட கனத்த வண்டி பார்க்க மிடுக்காக இருக்கும். மிதிக்கிற பிள்ளைக்குத்தான் சிரமம்.

2014-ல் மாநகராட்சியான திண்டுக்கல் நகரம், அப்போது சுமார் 14 சதுர கிலோமீட்டர்தான். இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கறுப்பு வண்டியிலேயே கால் மணி நேரத்துக்குச் சற்று மேலே ஆகும். சைக்கிளுக்கு இதைவிடத் தோதான அளவு ஓர் ஊருக்கு அமையாது. பழனி பாதயாத்திரை பக்தர்கள் நடப்பதற்கென்றே சாலையோரம் தனிப் பாதை போட்டுக் கொடுத்த மாவட்டம் இது. பள்ளிகள் உள்ள சாலைகளில் சைக்கிளுக்கும் அப்படி ஒரு கோடு போட்டுக் கொடுக்க முடியும்.

அதைவிட எளிதான, உடனே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. திண்டுக்கல்லில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. பக்கத்திலேயே காந்திகிராமப் பல்கலைக்கழகம் கிராமத் தொழில்களைப் பேசிக்கொண்டிருக்கிறது. பழைய வண்டி, புது வண்டி இரண்டையும் பழுது பார்க்கக் கற்றுத்தரும் சில வாரப் பயிற்சியை இவை தொடங்கலாம். வயதான கடைக்காரர்களையே ஆசிரியர்களாக அழைத்துச் சம்பளம் கொடுக்கலாம். இலவச சைக்கிள் வழங்கும் ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளியிலும், ஒரு காற்று பம்பும் பஞ்சர் ஒட்டும் சாமானும் நாலு ஸ்பேனரும் கொண்ட ஒரு மேசை போடலாம். சனிக்கிழமைகளில் மாணவ மாணவியர் தங்கள் வண்டியைத் தாங்களே பிரித்துச் சேர்க்கட்டும்.

வாசகர்கள் செய்ய வேண்டியது இன்னும் சின்ன வேலை. வீட்டில் முடங்கிக் கிடக்கும் சைக்கிள் பழசோ புதுசோ, இந்த வாரமே உங்கள் தெருக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். பேரம் பேசாமல் கூலி கொடுங்கள். அந்தக் கடை திறந்திருந்தால்தான் நாளைக்கு உங்கள் பிள்ளையின் சைக்கிளும் ஓடும்.